பாதியில் கழற்றிய பேட்டரி

27.10.2025, திங்கள், மாலை

திரு. வசந்தகுமார் அவர்களுக்கு,

உங்கள் மனைவி செல்லக்கனி எழுதுவது. ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு கடிதம் எழுதும் கூத்தைப் பார்த்தால் ஊரே சிரிக்கும். நல்லவேளை, படப்பையைத் தாண்டி நீங்கள் வாங்கிப் போட்ட இந்த மனைப்பிரிவில் நம்மைத் தவிர யாரும் இன்னும் வீடு கட்டவில்லை. சிரிக்கவும் ஆள் கிடையாது.

போனில் எழுதியிருக்கலாம். எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நழுவிவிடுவீர்கள். அதனால்தான் லேப்டாப்பில் எழுதி, திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் எனக்குக் கொடுத்த லேப்டாப் இது. உட்கார்ந்துதான் படித்தாக வேண்டும்.

ஆயுத பூஜையன்று என் தோழி முத்துச்செல்வி வந்திருந்தபோது, பொரிகடலைத் தட்டை வைக்க வெளிச்சம் இல்லாத எரிச்சலில் வாய் தவறிவிட்டது. "இருட்டுக்குள்ள கொண்டாந்து குடிவைக்கவா என்னைக் கட்டுனிய?" என்று கேட்டேன். கேட்டது நிஜம். நீங்கள் மட்டும் சும்மா இருந்தீர்களா? "கரண்டு தான் வோணும்னா கரண்டு கீற எடத்துக்கே போயிக்கோ" என்று அவள் முன்னாலேயே சொன்னீர்கள். அன்றைக்கு மூடிய வாயை இன்னும் நீங்கள் திறக்கவில்லை. நானும் திறக்கப்போவதில்லை.

இது வேலை விஷயமான கடிதம். எங்கள் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆன்லைன் தேர்வு வைக்கிறார்கள். நவம்பர் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி முதல் ஒன்றரை வரை. கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். நடுவில் லேப்டாப் அணைந்தால் தேர்வும் அதோடு முடிந்தது. இதில் தேறினால் இனி எனக்கு ஜெனரல் ஷிப்ட்தான், சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன்.

இப்போது நான் முதல் ஷிப்ட் போகும் வாரம் நீங்கள் இரண்டாம் ஷிப்ட். நீங்கள் முதல் ஷிப்ட் போனால் நான் இரண்டாவது. போதாததற்கு உங்கள் கம்பெனியில் சீசன் என்று ஞாயிறும் ஓ.டி. போட்டுவிடுகிறார்கள். எனக்கு ஜெனரல் கிடைத்தால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரமாவது ராத்திரிச் சோற்றை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்தேன். கோபம் தீர்ந்தால் சாப்பிடலாம், தீராவிட்டால் எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொள்ளலாம். அதற்கும் ஆள் வேண்டுமே.

ஆகவே அதுவரை சோலார் பேட்டரியை எனக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். உங்கள் கிரிக்கெட்டைப் போனில் பார்த்தது போதும்.

இருட்டு வீட்டுக்காரி
செல்லக்கனி

28.10.2025, செவ்வாய், காலை

கனி,

படித்தேன். உட்கார்ந்தே படித்தேன்.

வீடு கட்டியது நான். கம்பம் நடுவது நானில்லை. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கிறோம். கூரை ஏறி நின்றால் ஒரகடம் முழுக்க வெளிச்சமாக இருக்கிறது, நம் வாசலுக்கு மட்டும் வரவில்லை என்பது உன்னைவிட எனக்குத்தான் அதிகம் உறைக்கும். எட்டுப் பேர் தங்கும் ரூமிலிருந்து உன்னைச் சீக்கிரம் கிளப்பிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். அது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும்.

கிரிக்கெட் பார்ப்பதால் பேட்டரி தீரவில்லை. நீ செய்வதால்தான் தீருகிறது. போன வாரம் நீ பகலில் வீட்டில் இருந்தாய். நான் விடியற்காலை சோலார் வயரை மாட்டிவிட்டுப் போகிறேன். வெயில் நன்றாக அடிக்கிறது. நாலு மணிக்கு வந்து பார்த்தால் வயர் சுருட்டி ஆணியில் தொங்குகிறது, பேட்டரி பாதிதான் ஏறியிருக்கிறது. ஒரு நாள் என்றால் மறதி. தினமும் என்றால் அதற்குப் பெயர் என்ன? என் மேல் இருக்கிற கோபத்தைப் பேட்டரி மேல் காட்டாதே.

தேர்வு நாளைக் குறித்துக்கொண்டேன்.

வசந்தகுமார்

5.11.2025, புதன், காலை

திரு. வசந்தகுமார் அவர்களுக்கு,

நான் பழிவாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டா இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள்? பழிவாங்க நினைத்தால் உங்கள் சாப்பாட்டு டப்பாவில் உப்பை அள்ளிப் போட்டிருப்பேன். பேட்டரி என்ன பாவம் செய்தது?

எங்கள் லைனில் தினமும் பேட்டரிதான் செய்கிறோம். பெட்டி கட்டும்போது பாதி சார்ஜில்தான் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் வீங்கும், ஆயுசு குறையும் என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு முறை முக்கால் ஏற்றிய பேட்டரி பெட்டிக்குள் போய்விட்டது என்று எங்கள் சூப்பர்வைசர் ரகுபதி சார் லைனையே நிறுத்திக் கத்தினார். கை தானாகப் பழகிவிட்டது. சார்ஜ் காட்டும் விளக்கில் பாதி எரிந்தால் கழற்றாமல் என்னால் இருக்க முடியாது. இருப்பது ஒரே ஒரு பேட்டரி, அதுவும் வீங்கிச் செத்துவிட்டால் என்ன செய்வது என்று பொத்திப் பொத்தி வைத்தேன். அதற்குப் பெயர் கோபமாம்.

தேர்வை வேறெங்காவது போய் எழுதலாமா என்றும் பார்த்தாயிற்று. முத்துச்செல்வி ரூமில் கரண்ட் இருக்கிறது, கூடவே ஆறு பேரும் இருக்கிறார்கள். கேமராவில் வேறு முகம் தெரிந்தால் தேர்வு ரத்து. உங்கள் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால், வல்லக்கோட்டைக்காரர் மகன் தெற்கத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்ட வருத்தம் அவர்களுக்கு இன்னும் தீரவில்லை. நம் வீட்டுக்கே ஒரு தடவையும் வராதவர்களிடம் போய்க் கரண்ட் கேட்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் தேர்வை இங்கேதான் எழுதப்போகிறேன். கரண்ட் இருக்கிற இடத்துக்குப் போகப்போவதில்லை. இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

செல்லக்கனி

6.11.2025, வியாழன், மாலை

கனி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கடைசி வரியை மட்டும் இன்னும் ஒரு தடவை.

உன் லைனில் செய்வது லித்தியம். அதைப் பாதியில் வைப்பது சரிதான். நம் வீட்டில் இருப்பது ஈய பேட்டரி, ஆசிட் ஊற்றியது. எங்கள் லைனில் லாரிக்கு மாட்டுவோமே, அந்த ஜாதி, அளவில் சின்னது. இது அதற்கு நேர்மாறு. தினமும் கழுத்துவரை நிரம்ப வேண்டும். பாதியிலேயே கிடந்தால் உள்ளே உப்பு மாதிரி படிந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. ஏற்கெனவே கொஞ்சம் சொங்கியாகிவிட்டது.

நீ கோபத்தில் கழற்றுகிறாய் என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளும் இதைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேட்டரியாவது பிழைத்திருக்கும்.

வசந்தகுமார்

15.11.2025, சனி, மாலை

திரு. வசந்தகுமார் அவர்களுக்கு,

நாளை தேர்வு. செவ்வாய்க்கிழமையிலிருந்து மழை. கூரை மேல் இருக்கும் பேனல் குளித்துக்கொண்டிருக்கிறதே தவிர வேலை செய்யவில்லை.

நேற்று ஷிப்ட் முடிந்ததும் பேட்டரியையும் சார்ஜர் பெட்டியையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி முத்துச்செல்வி ரூமில் விட்டு வந்தேன். ஆட்டோக்காரர் பையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கல்லு மாரி கீது?" என்றார். "ஆமாண்ணே, எங்க வீட்டுக்காரரு மனசு" என்றேன். முன்சீட்டில் இருந்த அம்மாவரைக்கும் சிரித்தார்கள்.

இன்றைக்கு வாங்கி வந்துவிட்டேன். விளக்கும் போடவில்லை, மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் சுருக்கமாக முடிக்கிறேன். நாளை நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் தேர்வு. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. சமையலறையில் பாய் போட்டு வைத்திருக்கிறேன், அங்கே தூங்குங்கள். சாப்பாடும் அங்கேயே இருக்கிறது.

பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடம் சொல்வது?

செல்லக்கனி

16.11.2025, ஞாயிறு, மாலை

என்னங்க,

இன்று திரு. போட வரவில்லை.

நீங்கள் ஓடிப்போய் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தீர்களா? தேர்வை அனுப்பி முடித்துவிட்டு வெளியே ஓடி வந்தேன். ஆளைக் காணவில்லை. சன்னலோரம் பைக் மட்டும் நின்றது, தொட்டால் கை சுட்டது. சீட்டைக் கழற்றித் தரையில் வைத்திருக்கிறீர்கள். ஹெட்லைட் வயரையும் பிடுங்கி விட்டிருக்கிறீர்கள். மேலே கட்டிய தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம்தானே நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாதித் தேர்வு ஆகியிருக்கும். மேசைக்கடியில் பேட்டரியையும் லேப்டாப்பையும் இணைத்திருந்த இன்வெர்ட்டர், சார்ஜ் தீரப்போவதாகக் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. நிரம்பிய பேட்டரி இவ்வளவு சீக்கிரம் தீராதே என்று நினைத்தேன். லேப்டாப்பின் உள் பேட்டரி கிழடு, வெளியே இருந்து வருவது நின்றால் அதிகம் போனால் நான்கைந்து நிமிடம் தாங்கும். எழுந்திருக்கக் கூடாது. திரையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. மூன்று எச்சரிக்கை வந்தால் தேர்வு மூடிவிடும்.

அப்போது கதவுப் பக்கம் ஏதோ ஊர்ந்தது. நாயோ என்று லேசாகத் திரும்பிவிட்டேன். நீங்கள்! கேமராவில் படக் கூடாதென்று வயிற்றால் நகர்ந்து வருகிறீர்கள். உடனே திரையில் முதல் எச்சரிக்கை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேசைக்கடியிலிருந்து என் கால் கட்டைவிரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினீர்கள். திரும்பாதே என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு கேள்வியைப் படித்தேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. இத்தனை நாளில் நீங்கள் என்னைத் தொட்டது அதுதான்.

பிறகு இன்வெர்ட்டர், லேப்டாப் வயரோடு சன்னல் வழியாக வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் பைக் உறுமியது. லேப்டாப்பில் சார்ஜ் ஏறும் விளக்கு மறுபடியும் வந்தது. மழைச் சத்தம் இருந்ததால் பைக் சத்தம் அதற்குள் அமுங்கிவிட்டது போல, அதற்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. கடைசிக் கேள்வி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பேட்டரிக்கு என்ன ஆனது என்று முத்துச்செல்விக்குப் போன் போட்டேன். "ஏட்டி, நெறைய ஏத்துனா வீங்கிரும்லா, அதான் பாதியில கழட்டிட்டேன். நீயும் அப்படித்தான செய்வ?" என்கிறாள். அவளை என்ன சொல்ல? அவளும் எங்கள் லைன்தான். நிரம்ப ஏற்று என்று நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் மழை கொஞ்சம் விட்டது, பேனல் ஏற்றிய அந்தக் கொஞ்சத்தில்தான் இதை எழுதுகிறேன். வந்ததும் என்னை எழுப்புங்கள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.

கனி

17.11.2025, திங்கள், மாலை

கனி,

பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். நனைந்த சட்டையோடு ஏறியதைப் பார்த்து டிரைவர், "இன்னா வசந்த், ஏரில வுயுந்துட்டியா?" என்றார். ஆமாம் என்றேன்.

சமையலறையில் நான் தூங்கவே இல்லை. நீ பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பிறகு எப்படித் தூங்குவது? இன்வெர்ட்டர் கத்தியதும் பைக் ஞாபகம்தான் வந்தது. சீட்டுக்கடியில் இருக்கும் அதன் பேட்டரியில் இன்வெர்ட்டரை மாட்டினேன். வண்டி ஓடினால் அந்தப் பேட்டரி தீராது, ஓட ஓட ஏறும். ஆனால் சும்மா ஓடவிட்டால் போதாது. ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் இறங்கிவிடும், அதிகம் திருகினால் உனக்குச் சத்தம் கேட்கும். பெட்ரோல் இருக்குமா என்று வேறு அடிக்கடி டேங்க்கைத் தட்டிப் பார்த்தேன். கை இன்னும் அந்த வளைவிலேயேதான் இருக்கிறது. இன்றைக்கு லைனில் ஸ்பேனரைப் பிடித்தபோதும் திருகிக்கொண்டே நின்றேன்.

உன்னை எழுப்பவில்லை. வந்து, நீ தூங்குவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பேச முடியாது கனி. சொன்னால் சிரிப்பாய். ஹெட்லைட் தின்னும் சார்ஜும் உனக்கே வரட்டும் என்று அதன் வயரைப் பிடுங்கினேன். அப்போது வல்லக்கோட்டை முருகனிடம் ஒன்று சொல்லிவிட்டேன். "அவளைத் தேற வெச்சிடுப்பா. ரெண்டு பேரும் ஒண்ணா குந்திகினு ராத்திரி சோறு துன்ற அன்னிக்குத்தான் அவகிட்ட வாயத் தொறப்பேன்" என்று. வாயில் வந்தது அதுதான்.

வசந்த்

18.11.2025, செவ்வாய், காலை

என்னங்க,

முருகனிடம் வேண்டிக்கொள்ள உங்களுக்கு வேறெதுவும் கிடைக்கவில்லையா? மொட்டை போடுகிறேன் என்றிருக்கலாம். பால்குடம் எடுக்கிறேன் என்றிருக்கலாம். பேசாமல் இருப்பதைத்தான் ஆயுத பூஜையிலிருந்து இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறீர்களே, அதையே சாமிக்குக் காணிக்கை என்று கொடுத்தால் அவர் ஏமாந்துவிடுவாரா? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

நான் தேறாவிட்டால் என்ன செய்வீர்கள்? ஆயுசுக்கும் ஊமையா?

அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. எது முதலில் வருகிறது என்று தெரியவில்லை.

கனி

19.11.2025, புதன், மாலை

கனி,

முன்னால் பேசாமல் இருந்தது கோபத்தில். அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. இப்போது பேச வேண்டும் போல இருக்கிறது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் உன்னிடம் சொல்ல ஏதாவது தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இது காணிக்கை. சாமிக்குத் தெரியும்.

தேறாவிட்டால் அடுத்த தேர்வு வரும். அதற்கும் பைக் இருக்கிறது.

ஒரு சின்ன சார்ஜர் வாங்கி வந்திருக்கிறேன். இனி இன்வெர்ட்டர் வேண்டாம், பேட்டரியிலிருந்து நேராக லேப்டாப்புக்குப் போகும். இதுவரை தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தோம், வழியிலேயே கொஞ்சம் வீணாகிக்கொண்டிருந்தது. நாளைக்கு வெயில் வரும் என்கிறார்கள். வயரைக் கழற்றாதே.

வசந்த்

28.11.2025, வெள்ளி, மாலை

என்னங்க,

இன்று ஷிப்ட் முடியும் நேரத்தில் ரகுபதி சார் லைனுக்கு வந்தார். யாரையோ திட்டத்தான் வருகிறார் என்று எல்லோரும் குனிந்துகொண்டோம். என் பக்கத்தில் வந்து நின்று, "செல்லக்கனி, மண்டேலேர்ந்து நீ ஜென்ரல் ஷிப்ட்டும்மா" என்றார். கையில் பிடித்திருந்த பேட்டரியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். முத்துச்செல்விதான் வாங்கி வைத்தாள். அவள்தான் அதிகம் அழுதாள், பாதியில் கழற்றிய பாவம் அவளை இத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்ததாம்.

திங்கட்கிழமை நீங்கள் முதல் ஷிப்ட். நாலு மணிக்கு வந்துவிடுவீர்கள். நான் ஆறரைக்கு வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேலைக்குக் கிளம்பும்வரை உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கப்போகிறேன். முடிந்தால் பேசாமல் இருந்து காட்டுங்கள்.

பேட்டரி நிரம்பிவிட்டது. நிரம்பிய பிறகும் கழற்றவில்லை. கை துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

கனி

1.12.2025, திங்கள், மாலை

கனிக்கு,

நேற்று நீ சிரித்த சிரிப்பில் நான் தோற்றிருக்க வேண்டும். குளிக்கப் போகிறேன் என்று ஓடிப்போய்த் தப்பித்தேன். நான் இரண்டு தடவை குளித்ததை நீ கவனித்திருப்பாய்.

கம்பம் இன்னும் வரவில்லை. இன்று வழியில் மின்வாரிய ஆபீசில் கேட்டேன், வரிசையில்தான் இருக்கிறோமாம். பரவாயில்லை. இன்று நல்ல வெயில். இந்த லேப்டாப்பை அணைத்துவிட்டால் விளக்கு ராத்திரி முழுக்க எரியும்.

முத்துச்செல்வியிடம் கேட்டுக் கேட்டு உங்கள் ஊர்ச் சொதி வைத்திருக்கிறேன். தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. இஞ்சித் துவையலில் உப்பு கூடிவிட்டது. நீ பழிவாங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். தட்டு இரண்டு வைத்திருக்கிறேன்.

நீ கதவைத் திறந்து வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி இதைப் பாயில் திறந்து வைத்திருக்கிறேன். நீ படிக்கும்போது நான் சமையலறையில்தான் இருப்பேன். நீ வரும் சத்தம் எனக்குக் கேட்கும். நீ படித்து முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருப்பேன். சோறு ஆறுகிறது.

பதில் எழுதாதே, கனி. கூப்பிடு.